மோடம் என்று கத்தியவள்

போன வாரம் மாடிப்படியில் உருண்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். வயசானவள் தடுமாறி விழுந்துவிட்டாள் என்று பரிதாபப்பட வேண்டாம், ஓடி விழுந்தேன். செங்கல்பட்டில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் யாரோ மாவுக்கு அரிசி கழுவிப் பழைய வேட்டியில் பரப்பியிருந்தார்கள். நான் துணி எடுக்கப் போனவள். கொளவாய் ஏரிப் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அதற்கு மேல் என் புத்தி வேலை செய்யவில்லை, கைகால்தான் செய்தது. எங்கள் துணிகளைக் கொடியிலேயே விட்டுவிட்டு, ஊரான் அரிசியை வேட்டியோடு சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். அடுத்தது முட்டிதான் தெரியும். அரிசி ஒரு மணி சிந்தவில்லை.

கீழ்வீட்டுப் பெண் தூக்கி உட்காரவைத்துவிட்டுக் கேட்டாள். "யாரு அரிசி இது, அக்கா?"

தெரியாது என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். ஆனால் ஈர அரிசியின் அந்தப் புளித்த வாடை மூக்கிலேயே நின்றுவிட்டது. முட்டிக்கு மஞ்சள் பற்று போடும்போதும் அதே வாடை. எனக்கு அது அம்மாவின் வாடை.

அம்மா பெயர் அஞ்சலை. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற ரோட்டில் அப்போது ஒரு நெல் மில் இருந்தது. தொட்டியில் ஊறின நெல் நாறுகிற நாற்றம் பஸ்ஸில் போகிறவர்களை மூக்கைப் பொத்தவைக்கும். அம்மா அங்கே களத்துக்காரி. பதினேழு வயதில் நானும் அவளோடு இறங்கினேன். ஆவியில் வெந்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் கொட்டுவார்கள். அது கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே காலை இழுத்து இழுத்து நடந்து சால் பிடித்துப் பரப்ப வேண்டும். மேலே சித்திரை வெயில், கீழே வெந்த நெல். முதல் வாரம் என் உள்ளங்கால் தோல் பிசின் மாதிரி உரிந்து வந்தது. சாயங்காலம் அம்மா என் காலை மடியில் வைத்து விளக்கெண்ணெய் தடவுவாள். வாய் மட்டும் சும்மா இருக்காது.

"பாத்து மெதிக்கத் தெரில. நீயெல்லாம் இன்னாத்துக்குடி பொறந்தே."

அவளுக்கு அன்பு கையில்தான் வரும், அடியாகவும் எண்ணெயாகவும். ஒருநாள் அப்பா குடித்துவிட்டு என் தலைமுடியைப் பிடித்துத் தெருவில் இழுத்தார். அம்மா உள்ளே போய், நெல் வாருகிற பலகையை எடுத்துவந்து அவர் தோளில் ஒன்று போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மறுநாள் கட்டுப் போட அழைத்துப் போனவளும் அவள்தான். கட்டு ஆறியதும் அப்பா வேறு ஊர் பார்த்துப் போய்விட்டார். பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

அவள் சங்கம் தொடங்கின கதையும் இதே ரகம்தான். சங்கம் என்றதும் கட்டடம், கொடிக்கம்பம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மாசமாயிருந்த ஒருத்தியை மேஸ்திரி எட்டி உதைத்தான். அம்மா களம் பெருக்குகிற விளக்குமாற்றால் அவன் முகத்தைக் கிழித்தாள். மறுநாள் ஒருத்தியும் வேலைக்குப் போகாமல் ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். முதலாளி மேஸ்திரியை மாற்றினார். அந்த ஏரிக்கரைதான் எங்கள் சங்கத்து ஆபீஸ்.

களத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேகம் கூடுவதை எங்கள் பக்கம் மோடம் என்போம். யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவள் "மோடம்" என்று கத்த வேண்டும். காதில் விழுந்தவள் எது செய்துகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். பால் குடிக்கிற பிள்ளையைக் காம்பிலிருந்து பிடுங்கி மண்ணில் போட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. சண்டைபோட்டு முகம் பார்க்காத இரண்டு பேர் ஒரே பலகையை இழுப்பார்கள். நெல்லைக் குமித்துத் தார்ப்பாய் மூடின பிறகு மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வெந்த நெல் நனைந்தால் பூசணம் பூத்து மாட்டுக்குக்கூட ஆகாது. யார் வீட்டு நெல் என்ற கேள்வியே அங்கே கிடையாது.

பிறகு ஒருநாள் பாய்லரின் ஆவிக் குழாய் வெடித்தது. எதிரே நின்றவள் கன்னியம்மா. அம்மாவோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவள், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறவள். அவள் புடவையை எடுக்கப் போனோம். புடவையோடு தோலும் வந்தது. இதை எழுதும்போது எனக்கு இன்னும் கை கூசுகிறது. பெரியாஸ்பத்திரியில் வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். முதலாளியிடம் போலீஸ் கேட்டபோது அவர் சொன்னார்: "அது யாருன்னே தெரியாதுங்க. உமி பொறுக்க வர்றதுங்கள்ல ஒண்ணு."

பதினைந்து வருஷம் அந்தக் களத்தில் கால் வெந்தவள் யாரோ ஒருத்தியாகிவிட்டாள். அம்மா இதைக் கேட்டுவிட்டு வந்த அன்று சோறு தின்னவில்லை.

"அவன் வாயாலயே சொல்ல வெக்கிறேன். கன்னிமா என் மில்லு ஆளுன்னு அவன் சொல்லணும். சொல்றவரிக்கும் ஒருத்தியும் உள்ள போவக் கூடாது. எவ கேட்ட தாண்டுறாளோ அவ கால நான் முறிப்பேன்."

முறிப்பாள் என்று எங்களுக்குத் தெரியும். கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தோம். முதலாளி வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார். பாதிப்பேர் நெல் பரப்ப வந்தவர்கள், பாதிப்பேர் எங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் எதிரிலேயே காறித் துப்பிக்கொண்டு திரிந்தார்கள். ஒருவன் அம்மாவின் காலடியில் மூத்திரம் பெய்தான். அம்மா நகரவில்லை.

அன்று மத்தியானம் களம் முழுக்க நெல். ஏரிப் பக்கம் கறுத்தது. பரப்ப வந்தவர்கள் பீடி பிடித்துக்கொண்டு நிழலில் கிடந்தார்கள். ஒருவனுக்கும் வானத்தைப் பார்க்கத் தெரியவில்லை. லாரி ஒன்று வந்ததால் கேட் திறந்திருந்தது. நாங்கள் எல்லோரும் மேகத்தையும் நெல்லையும் மாறி மாறிப் பார்த்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"மோடம்."

கத்தியது அம்மா. காலை முறிப்பேன் என்ற அதே வாய். அடுத்த நொடி நாங்கள் அத்தனை பேரும் களத்தில் இருந்தோம். யாரும் யோசிக்கவில்லை. பலகை இழுத்தோம், குமித்தோம், தார்ப்பாயை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தோம். முதல் தூறல் விழும்போது வேலை முடிந்திருந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம், அதுதான் எனக்கு ஆறவில்லை. அப்போது கேட் சாத்துகிற சத்தம் கேட்டது.

நாங்கள் கீழே வைத்த பலகைகளை எடுத்தே எங்களை அடித்தார்கள். மழை பெய்கிறது, களம் வழுக்குகிறது, ஓட இடமில்லை. ஒருத்தியின் முன்பல் மூன்று என் காலடியில் கிடந்தன. என்னை ஒருவன் கழுத்தைப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினான். கிடைத்தது அவன் கை, கடித்தேன். சதை என் வாயோடு வந்தது. அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. என்னைக் காப்பாற்ற ஓடிவந்த அம்மாவின் வலது கையை இரண்டு பேர் களத்து விளிம்பில் நீட்டிப் பிடித்தார்கள். மூன்றாமவன் பலகையின் மொத்தையால் இறக்கினான். அம்மா என் பெயரைத்தான் கத்தினாள்.

எதிர்த்தாற்போல் துணிக்கடை வைத்திருந்த பாய், விற்க வைத்திருந்த புது வேட்டியைக் கிழித்து அந்தக் கையைக் கட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் போலீஸ் வண்டி வந்தது. எங்களைத்தான் ஏற்றினார்கள். மில்லில் புகுந்து நெல் திருடினோமாம். சாட்சி, எங்கள் கொசுவத்திலும் தலைமுடியிலும் ஒட்டியிருந்த நெல். இன்ஸ்பெக்டருக்கே ஒரு சந்தேகம்.

"ஸ்ட்ரைக் பண்றவளுங்க எதுக்குடி உள்ள போனீங்க?"

"நெல்லு நனையுதுல்ல" என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அறைந்தார். அடித்ததைவிட அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு இன்றும் கோபம்.

ஜாமீனில் வெளியே வந்ததும் பல் போனவள் அம்மாவின் முகத்தில் துப்பினாள். "நீதானேடி கத்துனே." அம்மா துடைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து, ஒடியாத கையால் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். உதடு கிழியுமட்டும் அடித்தாள். நான் அவள் மேல் விழுந்து பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் கன்னியம்மா ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போனாள். சுடுகாட்டுக்குப் போகிற வழியில் மில் இல்லை. அம்மா பாடையைச் சுற்றுவழியாகத் திருப்பச் சொன்னாள். கேட்டுக்கு நேரே இறக்கிவைத்து, சுற்றி உட்கார்ந்தோம். பல் போனவளும் வந்திருந்தாள். களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அந்த ஆட்கள் தடியோடு உள்ளேயே நின்றார்கள். பிணத்துக்குக் குறுக்கே வர அவர்களுக்கும் பயம். மத்தியானத்துக்கு மேல் வானம் மறுபடி கறுத்தது.

அன்று அம்மாவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கட்டுப் போட்ட கையை எடுத்துத் தன் வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பக்கத்தில் ஒருத்தி தன்னையறியாமல் எழுந்தாள்; அம்மா காலால் அவள் முந்தானையை மிதித்து உட்காரவைத்தாள். மழை இறங்கியது. எங்கள் கண் முன்னால் நெல் ஊறி, கரைந்து, களத்து ஓரமாக ஓடியது. முதலாளி குடையில்லாமல் ஓடிவந்தார்.

"போய் நெல்ல வாருங்கம்மா, மொத்தமும் போவுது."

"இவ யாரு?" என்று அம்மா பாடையைக் காட்டினாள்.

அவர் களத்தைப் பார்த்தார். கன்னியம்மாவைப் பார்த்தார். "எங்க மில்லு ஆளுதான். கன்னிமா. எங்க களத்துலதான் வேலை செஞ்சுக்கினு இருந்தா. இப்பவாச்சும் போங்க."

பாடையோடு காவலுக்கு வந்திருந்த போலீஸ்காரர்கள் கேட்டார்கள், பாய் கேட்டார், ரோட்டில் நின்ற பஸ் முழுக்கக் கேட்டது. அம்மா எழுந்தாள். "தூக்குங்கடி" என்றாள். நாங்கள் பாடையைத் தூக்கினோம். சுடுகாடு வரைக்கும் அம்மா வாய்விட்டு அழுதுகொண்டே வந்தாள். "நெல்லு போச்சேடி கன்னிமா, அவ்ளோ நெல்லும் போச்சே" என்று பிணத்திடம் சொல்லி அழுதாள்.

அந்தக் கை பிறகு நிமிரவே இல்லை. கடைசிவரை நான்தான் அவளுக்குச் சோறு ஊட்டினேன். மெதுவாக ஊட்டினால் திட்டுவாள். அதன் பிறகு சங்கத்தின் மேல் கை வைக்க எந்த முதலாளிக்கும் துணிச்சல் வரவில்லை. சங்கத்தை முடித்தது மெஷின். இப்போது நெல் ஒரு பக்கம் போனால் மறுபக்கம் அரிசியாக வருகிறது. வெயில் வேண்டாம், களம் வேண்டாம், பொம்பளைகள் வேண்டாம். அந்த மில்லே இல்லை. களத்தைப் பெயர்த்துக் கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். ஏரி மட்டும் அங்கேயே இருக்கிறது, அந்தப் பக்கமிருந்து இன்னும் கறுத்துக்கொண்டுதான் வருகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். போன வாரம் மாடியில் நான் உடனே அரிசியில் கை வைக்கவில்லை. முதலில் "மோடம்" என்று கத்தினேன், அம்மா கத்துகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து. கத்திவிட்டு யாராவது ஓடிவருவார்கள் என்று கொஞ்சநேரம் நின்றேன். எங்கோ ஒரு ஜன்னலைச் சாத்தினார்கள். அரிசியைக் காயவைத்து, அந்த வேட்டியிலேயே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.