அமீருதீனைத் தெரியாத தெரு

அடுத்த வீட்டுச் சங்கதி என்றால் அமீருதீனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடமும் வாளியும் விற்பவருக்கு அது தேடாமலே வந்து சேரும். பெரிய டிரம் வாங்கினால் வீட்டில் விசேஷம். போன வாரம் வாங்கிய வாளி அதற்குள் உடைந்திருந்தால் புருஷன் பெண்டாட்டி சண்டை. வடசென்னை விம்கோ நகரில் அந்தத் தெருவைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: தெரு அவரைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறது?

அதற்கும் ஒரு வழி பிறந்தது. தெருவில் விற்க இனிமேல் அடையாள அட்டை வேண்டும், இல்லாவிட்டால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பேச்சு. அமீருதீனும் மனு கொடுத்தார். ஆள் எப்படி என்று விற்கிற இடத்திலேயே விசாரிக்க ஏட்டு ஜெயவேல் வந்தார்.

"நீ கூட நின்னா எவனும் உண்மையைச் சொல்ல மாட்டான். டீக்கடையில இரு பாய்" என்று சொல்லிவிட்டு ஏட்டு தெருவுக்குள் போனார்.

வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, அடுத்த தெரு டீக்கடையில் போய் உட்கார்ந்த அமீருதீனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தங்கமான மனுஷன் என்பார்களா? ஊர்வம்பு பேசுகிறவன் என்பார்களா? யாராவது பழசைக் கிளறி, ஓட்டைக் குடம் விற்றான் என்று போட்டுக்கொடுப்பார்களா? வாங்கிய டீ ஆறிப்போய் ஏடு படிந்தது.

ஏட்டு திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. "இன்னா பாய், பதினஞ்சு வருசமா இங்க விக்கிறேன்னு எழுதிக் குடுத்துகீற? ஒருத்தருக்குக்கூட உன்னத் தெரியலயே! போட்டோவைக் காட்டினேன், அப்பவும் தெரியாதுங்கறாங்க. இதையே எழுதி அனுப்பினா அட்டை கிடைக்காது, பாத்துக்க."

அமீருதீன் எழுந்துவிட்டார். போட்டோவைப் பார்த்துமா? இவர் விற்ற குடம் இல்லாத வீடு அந்தத் தெருவில் உண்டா? இப்படிக் கைவிரிக்க அவர்களுக்கு என்ன பாவம் செய்தோம்? "கொஞ்சம் இரு சார்" என்று தெருமுனைக்கு ஓடினார். வண்டியையும் காணோம்.

முதல் வீட்டுக் கதவிடுக்கில் ஒரு கை ஆடியது. இட்லிக்கடை இசக்கியம்மாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். பேச்சு எப்போதோ இந்த ஊராகிவிட்டது.

"சீக்கிரம் உள்ள வா பாய்! காக்கிச்சட்டை உன்னத் தேடிக்கினு கீது. இன்னா பண்ணித் தொலச்ச? எவளும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு வூடு வூடா சொல்லிட்டேன். உன் வண்டி எங்க வூட்டுப் பின்னால, மீன் வலைக்கு அடியில கீது. பயப்படாத."

போலீஸ் கேட்டால் தெரியாது என்பது அந்தத் தெருவுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். அமீருதீனுக்குச் சிரிப்பு வந்தது.

"யம்மா, அவரு என் அட்டைக்கு விசாரிக்க வந்தவரு. தெரியும்னு சொன்னாத்தான் என் பொழப்பு நிக்கும்!"

"இப்டித்தான் நைசா பேசி இட்டுக்கினு போவானுங்க" என்றாள் அவள், நம்பாமல்.

அமீருதீன் ஓடிப்போய் ஏட்டிடம் நடந்ததைச் சொல்லி, கையோடு அழைத்து வந்தார்.

"இவரைத் தெரியுமாம்மா?" என்று ஏட்டு கேட்டார்.

இசக்கியம்மாள் ஏட்டின் பக்கம் திரும்பவே இல்லை. அமீருதீனின் முகத்தையே பார்த்தாள்.

"தெரியும்னு சொல்லட்டா பாய், வேணாமா?"

ஏட்டு சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "போதும்மா" என்று பேனாவைத் திறந்தார். "பாய், நீ போய் வண்டியை எடு."

அமீருதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வலையைத் தூக்கப் போனார்.