கேஸ்தான்... வேறொன்றுமில்லை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மயிலாப்பூரில் ஒரு ஜப்பானியப் படம் போட்டார்கள். என்னோடு வந்தவர் பெர்னார்ட். சாந்தோம்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், முப்பது வருட நண்பர். அனுமதி இலவசம் என்றால் எந்த நாட்டுப் படத்துக்கும் வருவார்.

கதை போர்க்காலத்தில் நடக்கிறது. ஒரு கிராமத்து டாக்டர். யார் எந்த வலியைச் சொன்னாலும் அவருக்கு ஒரே பதில்தான் – கல்லீரல். தலைவலியா? கல்லீரல். தூக்கம் வரவில்லையா? கல்லீரல். முறைத்துக்கொண்டு வரும் ராணுவ அதிகாரிக்கும் அதேதான். ஊரே அவரைக் கிண்டல் செய்கிறது. பெர்னார்டுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

படம் முடிந்து படியில் இறங்கும்போது பெர்னார்ட் நின்றுவிட்டார். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார். என்னய்யா என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா, கேஸ். மத்தியானம் மொச்சைக் குழம்பு."

நான் சும்மா இருப்பேனா? பக்கத்துக் கடையில் சோடா வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் ஓமம் மென்னுக்கோ என்று யோசனையும் சொன்னேன். பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது. "பாத்தியா, கேஸ்தான்" என்றேன், ஏதோ எம்.டி. படித்தவன் மாதிரி. அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அதனால் என்ன... சென்னையில் வேர்ப்பதெல்லாம் ஒரு அறிகுறியா?

ஆட்டோ பிடித்து ஏறினோம். டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், அவருக்கு இப்டி ஊத்திக்கினு கீது?"

"கேஸ்ப்பா. வீட்டுக்குப் போனா சரியாயிடும்" என்றேன்.

"எங்க நைனாவும் அப்டித்தான் சொல்லிக்கினு இருந்தாரு."

"இப்ப எப்படி இருக்காரு?"

"செவுத்துல கீறாரு சார். போட்டோவா."

அதற்குப் பிறகு அவர் எங்களை எதுவும் கேட்கவில்லை. சாந்தோம் போக வேண்டிய வண்டி அடையாறு பக்கம் திரும்பியது.

"வீட்ல மேரி தேடுவா, திருப்புப்பா" என்றார் பெர்னார்ட்.

"தேடட்டும் சார்" என்றார் டிரைவர்.

ஓர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவரே உள்ளே ஓடி வீல்சேர் தள்ளிக்கொண்டு வந்தார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டியூட்டி டாக்டர் சின்னப் பெண். எவ்வளவு நேரமா வலி என்று கேட்டார்.

"கேஸ்தான் டாக்டர்... மூணு நாளா இருக்கு" என்றார் பெர்னார்ட்.

"கேஸ் இல்ல சார், ஹார்ட் அட்டாக்."

ஸ்டென்ட் வைத்தார்கள். பெர்னார்ட் பிழைத்துக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், சேதி கேட்டு ஓடி வந்திருந்த அவர் மனைவி மேரியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த சோடாவை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

படத்தில் வந்த டாக்டரைப் பார்த்துச் சிரித்தோமே... அந்த மனுஷன் ஒவ்வொரு வீட்டுக்கும் மூச்சிரைக்க ஓடினார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், அப்புறம்தான் கல்லீரல் என்றார். நாம்? உட்கார்ந்த இடத்திலிருந்து, போனிலேயே, வாட்ஸ்அப்பிலேயே கேஸ் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். காரணம் ரொம்ப சிம்பிள். கேஸ் என்றால் பெருங்காயத்தோடு போய்விடும். ஹார்ட் என்றால் வீடே கலங்கிப்போகும். நம்முடைய பயத்துக்கு நாம் வைத்திருக்கும் செல்லப் பெயர்தான் கேஸ்.

புதன்கிழமை பெர்னார்டை வார்டில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ரெண்டு மாதமாக மாடி ஏறினால் எனக்கும் நெஞ்சில் ஒரு பிடிப்பு. அதை அன்றுதான் முதல்முறையாக மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. போனை எடுத்து அப்பாயின்ட்மென்ட் வாங்கினாள்.

நாளைக் காலை எட்டு மணிக்கு டிரெட்மில் டெஸ்ட். எடிட்டர் நாலு தடவை கேட்ட பிறகுதான் வழக்கமாகப் பத்தியை அனுப்புவேன். இந்த வாரம் இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்... எதற்கும் இருக்கட்டும்.