டிவிக்குச் சுற்றிப் போட்ட மிளகாய்

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றுகிற நேரத்தில் யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுப்பார்கள். டிவிக்குத் திருஷ்டி கழித்த கதை. அப்பா அதை ரசித்து ரசித்துச் சொல்வார். சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சித்தி வேறு பக்கம் திரும்பி யாருடனாவது பேசிக்கொண்டிருப்பாள். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். ஆனது ஆகட்டும், நான் பார்த்ததை நானும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் கீழே கடை, மேலே வீடு. கொத்தமல்லி, மிளகாய் வத்தல், புளி என்று மொத்த வியாபாரம். சாக்கு இறக்கும்போது கிளம்புகிற நெடியில் தும்மிக்கொண்டே வளர்ந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவின் ஒரே தம்பியான சித்தப்பா மட்டும் கடைப்பக்கம் ஒதுங்காமல் ஹாக்கி ஆடப் போனார். கோல் கீப்பர். அந்த ஆட்டத்தின் பேரில்தான் அவருக்குச் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. வேலை கிடைத்ததோடு ஆட்டம் தீர்ந்தது என்று அப்பா நினைத்திருந்தார். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஆட்களை ஏலத்தில் எடுத்து ஊர் ஊருக்கு அணி கட்டுகிற ஹாக்கிப் போட்டி ஒன்று வந்தது. வடக்கே ஓர் ஊர் அணி சித்தப்பாவை எடுத்துக்கொண்டது. சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டு அவர் தம்பானூரில் ரயில் ஏறினார்.

ஏறுவதற்கு முன்னால் வீட்டில் பெரிய ரகளை.

"கிரிக்கெட்டுன்னா ஒரு அர்த்தம் உண்டு. வளஞ்ச கம்ப வச்சிக்கிட்டு ஓடுகதுக்காடே சர்க்கார் வேலைய போட்டுட்டுப் போற?" என்று அப்பா கத்தினார். சித்தப்பா பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தது சித்திதான். கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள்.

"அவங்களுக்கு ஒரு ஆசை அத்தான். போயிட்டு வரட்டும். கண்டிப்பா ஆட விடுவாங்க."

அதோடு பழி அவள் தலையில் ஏறிவிட்டது. கூடப்பிறந்தவன் சொல்லிக் கேட்காதவன் நேற்று வந்தவள் சொல்லிக் கேட்கிறான் பார் என்று அம்மா அம்மியைப் பார்த்துச் சொன்னாள். சித்தப்பா ஆடினால் சித்தி பிழைத்தாள், ஆடாவிட்டால் குடியைக் கெடுக்க வந்தவள். ஒன்பது வயசுக்காரியான எனக்கே அது விளங்கியது.

இன்றைக்குப் போனைத் தொட்டால் எந்த நாட்டு ஆட்டமும் கைக்குள் வந்துவிடுகிறது. அன்று அப்படியில்லை. திருவனந்தபுரத்தில் கால்பந்து என்றால் சுவருக்கெல்லாம் சாயம் பூசுவார்கள். ஹாக்கியை எந்தச் சானல் காட்டுகிறது என்றுகூட ஒருவருக்கும் தெரியாது. சித்தி ரிமோட்டை அமுக்கி அமுக்கிக் கடைசியில் அந்தச் சானலைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அங்கே நீலத்திரையும் ஆங்கிலத்தில் ஒரு வரியும்தான். காசு கட்டாதவர்களுக்குக் கிடையாது என்று நான் படித்துச் சொன்னேன்.

மறுநாள் சாயந்திரம் என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு கேபிள் ஆபீசுக்குப் போனாள். ஹாக்கியை இங்கே யார் பார்க்கிறார்கள் என்று அங்கிருந்தவர் தலையைத் தூக்காமலே சிரித்தார்.

"ஹாக்கியோ? ஈ திருவனந்தபுரத்து ஆரா சேச்சீ ஹாக்கி காணுன்னே? ஃபுட்பால் வேணெங்கில் தராம்."

"என்றெ வீட்டுக்காரர் களிக்குன்னுண்டு" என்றாள் சித்தி, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக. என் வீட்டுக்காரர் ஆடுகிறார். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் பிறகு ஒருபோதும் பார்த்ததில்லை. அந்த ஆள் இப்போது தலையைத் தூக்கினார். ஆனால் கனெக்ஷன் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமாம். கனெக்ஷன் அப்பா பேரில் இருந்தது.

அப்பாவிடம் கேட்பது லேசான காரியமா? அவர் சாப்பிட்டு முடிக்கிற பக்குவம் பார்த்து, மோர் ஊற்றிக்கொண்டே சித்தி கேட்டாள். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"நான் விளிச்சுச் சொல்லுகேன். கடைத்தெருவுல நாலு பேரு வந்து பாப்பாங்க. அவன் ஓரத்துல குத்த வச்சிருந்தான்னு வையி, ஊரு சிரிப்பா சிரிக்கும். அவன் ஆடுவான்னு உனக்கு உறுதியா?"

"ஆடுவாங்க அத்தான். நான் சொல்லுகேன்."

நான் சொல்லுகேன் என்று அவள் ஏன்தான் சொன்னாளோ! சானல் வந்தது. அடுத்த சிக்கல் அம்மாவின் சீரியல். ஆட்டமும் சீரியலும் ஒரே நேரம். ஆட்டமுள்ள நாளெல்லாம் மாவாட்டுவதும் பாத்திரம் துலக்குவதும் தன் பொறுப்பு என்று சித்தி சொன்ன பிறகுதான் அம்மா ரிமோட்டைக் கொடுத்தாள். ஒன்றரை மணி நேரம் டிவி பார்க்க அரைநாள் வேலை. அம்மாவின் கணக்கு எப்போதும் அப்படித்தான்.

முதல் ஆட்டத்தன்று கூடம் நிறைந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள், எதிர்க்கடை மலையாளி அண்ணன், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். திரையில் பச்சைத் தரையும் ஓடுகிற கால்களும். எவன் எந்தப் பக்கம் அடிக்கிறான் என்று ஒருவருக்கும் புரியவில்லை. நான் சித்தியின் மடியில் சாய்ந்திருந்தேன். ஆட்டம் தொடங்கும் முன் காமிரா மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு வீச்சில் காட்டிவிட்டுப் போனது. சித்தியின் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது.

அங்கே சித்தப்பா உட்கார்ந்திருந்தார். சட்டைக்கு மேல் ஓர் உள்பாடி மாதிரி எதையோ மாட்டிக்கொண்டு, பக்கத்து ஆளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு. கூடத்தில் இருந்த வேறு யாரும் கவனிக்கவில்லை. இதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன காலத்தில் சித்தியே சொன்னது.

"எவன்டே நம்ம ஆளு?" என்று அப்பா கேட்டார். எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். அவள் விரலை நீட்டினாள்.

"அந்தா, வலைக்கு முன்னால நிக்காங்கல்லா. அவங்கதான்."

அங்கே புளிச்சாக்குக்குக் கையும் காலும் முளைத்த மாதிரி ஓர் உருவம் நின்றது. காலில் பெரிய பட்டை, கையில் பட்டை, தலையில் கவசம், முகத்துக்குக் கம்பி வலை. உள்ளே இருப்பது சித்தப்பாவா வேறு எவனாவதா என்று கடவுளுக்குத்தான் தெரியும். அந்த உருவம் விழுந்து, புரண்டு, காலை நீட்டிப் பந்துகளைத் தடுத்தது. "அடி சக்கை!" என்று அப்பா தொடையில் தட்டினார். பாதி ஆட்டத்துக்கு மேல் அணிகள் பக்கம் மாறும் என்பது தெரியாமல் அவர் கொஞ்ச நேரம் எதிரணிக் கீப்பரையும் கொண்டாடினார். முதுகில் ஏதோ பேர் எழுதியிருக்கிறதே, அது சித்தப்பா பேர் இல்லையே என்று நான் கேட்டேன். "அது கம்பெனி பேரு மக்கா" என்றாள் சித்தி.

ஆட்டம் முடிந்ததும் சித்தி சட்டென்று எழுந்து டிவியை அணைத்தாள். அதற்குள் அம்மா கடையிலிருந்து வத்தல் மிளகாயும் உப்பும் கொண்டுவந்துவிட்டாள். கொழுந்தன்மேல் இத்தனை கண் பட்டிருக்கிறதே! ஆள் வடக்கே இருந்தால் என்ன, டிவி இங்கேதானே இருக்கிறது? டிவிக்கு இடமும் வலமுமாகச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி கமறவில்லை, அவ்வளவு திருஷ்டி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சித்தி அடுக்களையில் நின்று இருமிக்கொண்டிருந்தாள்.

அன்று அவள் மொட்டைமாடிக்குப் போய்ச் சித்தப்பாவை அழைத்துக் கேட்டிருக்கிறாள். அவர் சொன்னாராம்: "நான் ரெண்டாவது கீப்பர்லா. அடுத்த ஆட்டத்துல இறக்கிருவாங்க. அதுவர அண்ணன் காதுல போடாண்டாம், கேட்டியா? எனக்கு மானம் போயிரும்." சரி என்று சொல்லியிருக்கிறாள். பைத்தியக்காரி.

அடுத்த ஆட்டத்திலும் இறக்கவில்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. ஒவ்வொரு முறையும் கூடம் நிறைந்தது, சித்தி விரலை நீட்டினாள், அம்மா மிளகாய் சுற்றினாள். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு, "தம்பி, கலக்கிட்டியேடே!" என்பார். "எல்லாம் டீமோட வெற்றிதாண்ணே" என்று குரல் வரும். "பாத்தியா, என்ன ஒரு அடக்கம்!" என்று அப்பா எங்களைப் பார்ப்பார். அடக்கமாம் அடக்கம்!

சித்திக்கு வீட்டில் மவுசு ஏறியது. மீன் குழம்பின் நடுத்துண்டு அவள் தட்டில் விழுந்தது. அம்மா மாவாட்டும் வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கடைத்தெருவில் போகும்போது கோல் கீப்பர் வீட்டம்மா என்று வழிவிட்டார்கள். அவளோ நாளுக்கு நாள் துரும்பாக இளைத்துப் போனாள். வயிற்றில் ஏதாவது விசேஷமா என்று அம்மா ரகசியமாகக் கேட்டுப் பார்த்தாள்.

அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். அப்பா தன் செலவில் பாயசம் வைக்கச் சொன்னார். ஆட்டம் சமனில் முடிந்து, ஒருவர் பின் ஒருவராக வந்து கோல் கீப்பரோடு மோதுகிற கட்டத்துக்குப் போனது. ரிமோட் அப்பா கையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து, பாயசம் அடிப்பிடிக்குது, இறக்கு என்று அம்மா சித்தியிடம் சொன்னாள்.

"நீங்க ஒரு எட்டு பாத்துக்கிடுங்களேன் அக்கா" என்று சித்தி கெஞ்சினாள்.

"உன் மாப்பிள்ளைதான் ஜெயிக்கப் போறான், எங்க ஓடிப் போவான்? போ, எறக்கு."

அவள் போனாள். கடைசிப் பந்தையும் அந்தப் புளிச்சாக்கு உருவம் தடுத்தது. நாங்கள் எல்லோரும் குதித்தோம். அது கையிலிருந்த பட்டைகளை வீசியது, தலைக்கவசத்தைக் கழற்றி வானத்தில் எறிந்தது, நேரே காமிராவைப் பார்த்து ஓடிவந்தது. செம்பட்டைத் தாடி. பூனைக்கண். ஆறடிக்கு மேல் ஒரு வெள்ளைக்காரன்.

முதலில் வாயைத் திறந்தவர் எதிர்க்கடை அண்ணன்தான்.

"அண்ணாச்சீ, தம்பி அங்ஙு வெளுத்துப் போயல்லோ!"

கூடம் அதிர்ந்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்ற சித்தியைப் பார்த்தார். "யாரும்மா அது?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் கரண்டியில் வழிந்த பாயசத்தை முந்தானையால் துடைத்தாள். அவர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் மேளமும் கூச்சலும் கேட்டது.

"ஏய், நீ ஒரு ஆட்டமாவது ஆடினியாடே?"

மேளச் சத்தம் மெல்லத் தள்ளிப் போனது. பிறகு சித்தப்பா பேசினார்.

"நான் எப்பண்ணே ஆடினேன்னு சொன்னேன்? நான் ரெண்டாவது கீப்பர்லா, ஓரத்துலதான் இருந்தேன். யாரு சொன்னா?"

"உன் பொண்டாட்டிதான் சொன்னா."

"அவளுக்கு என்னண்ணே தெரியும்?" சித்தப்பா சிரித்தார். "மூஞ்சிய மூடிட்டா அவளுக்கு எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். இவர்தான் சொல்லாதே என்றார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் போனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"ஆமா அத்தான். எனக்கு ஆளு தெரியல்ல. ஏமாந்துட்டேன்" என்றாள்.

அப்பாவின் முகம் இளகியது. "கட்டின புருஷன அடையாளம் தெரியல்லியாம்! வெள்ளக்காரனுக்கு மொளகா சுத்தியிருக்கு நம்ம வீடு!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, இவளை நம்பி ஒரு கிலோ வத்தலை எரித்தேனே என்றாள். சித்தி எல்லோருக்கும் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கியவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கேலி பேசினார்கள்.

எனக்கு ஒரே நிம்மதியாக இருந்தது. சித்தப்பா பொய் சொல்லவில்லை, சித்திக்குத்தான் ஆளைத் தெரியவில்லை, அவ்வளவுதானே. பாயசம் நன்றாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கிண்ணத்தை நீட்டினேன். சித்தி குனிந்து ஊற்றினாள். பாயசம் கிண்ணத்தில் விழாமல் என் பாவாடையில் சிந்தியது. பாத்திரம் கனமாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.