மூக்கு லாரியின் பழைய வீடுகள்

என் மகள் வாங்கியிருக்கும், எஞ்சின் முன்னால் துருத்திய மூக்கு லாரி என்னைவிட நாலைந்து வயதுதான் இளையது. எனக்கு ஐம்பத்திரண்டு. மகள் வேளாண்மை படித்துவிட்டு, இளையரசனேந்தல் பக்கத்துச் சம்சாரிகளிடம் மக்காச்சோளம் வாங்கித் தீவன ஆலைகளுக்குப் போடுகிறாள். லாரி ஓட்டுவதும் அவள்தான்.

தை மாதம் ஒரு கண்மாய்க்கரைச் சரிவில் மூட்டை ஏற்றி முடித்து, பின்னால் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். லாரி தானாகப் பின்பக்கம் நகர்ந்தது. இவள் ஒதுங்கிவிட்டாள். வண்டி சரிவில் இறங்கி, ஈரக் கரிசலில் அச்சு வரை புதைந்து நின்றது. வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் அவள் எண்ணிலிருந்து போன் வந்தால், எங்கே நிற்கிறாய் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி வேறு வந்து, "பழைய வண்டில்லா. எத்தனை உசுரக் குடிச்சுதோ. வாங்கும்போதே விசாரிச்சிருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள், ஆள் விழுந்த வண்டியா என்று. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"வித்துரு," என்றேன் மகளிடம்.

"ஒருத்தராவது அதுல செத்திருக்காவன்னு காட்டு. நாளைக்கே விக்கேன்."

ஆகவே ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதில் மகளுக்கு முன்னால் இருந்த பெயர் எங்கள் சங்கரன்கோவிலிலேயே விசைத்தறி வைத்திருப்பவருடையது. தறிச் சத்தத்துக்கு நடுவே வெளியே வந்து பேசினார். "ஊருக்குள்ள நூல் ஏத்தினதுதான் யக்கா. ஸ்டேஷன் ரோட்டைத் தாண்டினதே கம்மி. ஒரு கோழியக்கூட அடிக்கல." திருவேங்கடத்தில் ஒரு பருத்தி வியாபாரி வீட்டில் வாங்கியதாகச் சொல்லி, தெருவுக்கு வழியும் சொன்னார்.

மறுநாள் அலுவலகத்தில் பர்மிஷன் கேட்டேன். என்ன காரணம் எழுதுவது என்று தெரியாமல் 'சொந்த வேலை' என்று எழுதிவிட்டு டவுன் பஸ் ஏறினேன்.

பருத்தி வியாபாரி இறந்து வருஷங்களாகிவிட்டன. அவர் மனைவி இருந்தார், அறுபத்தைந்து வயதிருக்கும். லாரியைப் பற்றி என்றதும் காபி போட உள்ளே போனார். போகிற போக்கில், "கட்ட பத்திரமா இருக்கா?" என்றார்.

"எந்தக் கட்டை?"

"டிரைவர் சீட்டுக்கு அடியில கெடக்குமே, வேலங்கட்ட. அந்த வண்டிக்கு ஹேண்ட்பிரேக் நிக்காதும்மா. எத்தனை தடவ மாத்திப் பாத்தாச்சு. சரிவுல நிறுத்துனா நான் எறங்கி டயருக்கு அந்தக் கட்டயக் கொடுத்துட்டுக் கதவத் தட்டுவேன். அதுக்கப்புறந்தான் அவரு பிரேக்குல இருந்து காலை எடுப்பாரு."

"நீங்க கூடவே போவீங்களா?"

"பின்னே? ஊர்ல என்னைய கிளீனர்னுதான் சொல்லுவாவ. கலியாண வீட்டுல கூட, கிளீனருக்கு எல போடுன்னு கேலி பேசுவாவ."

வந்த விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கல்குவாரிக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கும்போது தாங்களும் இதையே கேட்டு இரண்டு நாள் அலைந்ததாகச் சொன்னார். "ஒரு ஆளும் விழல. எங்கிட்டத்தான் கொஞ்சம் வாங்கிக்கிட்டது," என்று வலது காலை நீட்டினார். பெருவிரல் தட்டையாக, நகமில்லாமல் இருந்தது. கட்டை வைக்கும்போது நசுங்கியதாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. அந்தக் கட்டையை நான் பார்த்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு லாரியைக் கழுவியபோது சீட்டுக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தது. பொட்டு வைக்கிற வண்டியில் இது என்ன அசிங்கம் என்று எடுத்து வந்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டேன். நன்றாக எரிந்தது.

அன்று சாயங்காலம் மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன்.

"தெரியும்," என்றாள் தட்டைப் பார்த்தபடி.

"எப்படித் தெரியும்?"

"அந்தக் கட்டையில ரெண்டு லாட ஆணி உண்டும்மா. மறுநாள் சாம்பல் அள்ளும்போது கெடந்துது. அதுல இருந்து டயருக்குக் கல்லுதான் வச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்குக் கல்லு வழுக்கிட்டு."

"ஏட்டி, அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா அதுக்கு ஒரு வாரம் சாப்பிடாமக் கெடப்பே. ஏற்கனவே ஒரு வாரமா நீ சரியாச் சாப்பிடல."

"பின்னே என்னை ஏன் இப்படி அலைய விட்டே?"

"நீ வெளிய அலையலன்னா வீட்டுல இருந்து என்னையல்லா அலைக்கழிச்சிருப்பே."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பசிதான் எடுத்தது. அவள் பக்கத்திலேயே தட்டை வைத்துப் போட்டுக்கொண்டேன்.

"அப்போ வண்டி?" என்றாள்.

"இருக்கட்டும். சரிவுல மட்டும் தனியா ஏத்தாதே."

"எங்க தனியா? மூட்ட தூக்க மூணு பேரு வாராவ. கட்ட கொடுக்கத்தான் ஆளில்ல. நீ வாரியா?"

அவள் சும்மா கேட்டாள். நான் நிஜமாகவே, வாரேன் என்றேன். சனிக்கிழமை எனக்கு அலுவலகம் கிடையாது.