செல்வராணி கலக்கிய நிறம்

வாட்டர் கலர் கட்டியில் தண்ணீர் பட்டதும் எழும் கோந்து வாசனையை எங்கே முகர்ந்தாலும் எனக்குச் செல்வராணியின் வீடு நினைவுக்கு வந்துவிடும். சங்கரன்கோவிலில், விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே உரக்கப் பேசியே பழகிப்போன தெருவில், எங்களுக்கு அடுத்த வீடு அது. நாங்கள் இருவரும் ஏழாம் வகுப்பு படித்த வருஷம் அவளுடைய அம்மா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். மிஞ்சியது கருப்பு வெள்ளையில் ஒரு சின்னப் போட்டோதான். அதைப் பார்த்து அம்மாவைக் கலரில் வரைந்து சுவரில் மாட்ட வேண்டும் என்று, முழுப் பரீட்சை லீவில் என் கலர் பெட்டியைக் கேட்டாள்.

பெட்டியில் "ஸ்கின் கலர்" என்று ஒரு கட்டி இருந்தது; எங்கள் தெருவில் அந்த நிறத்தில் ஒருவரும் இல்லை. ஆகவே ஒரு எவர்சில்வர் தட்டில் நாங்களே கலக்கினோம். வெள்ளை சேர்த்தால் சாம்பல் பூத்தது. கருப்பு சேர்த்தால் கரி அப்பியது. மூன்றாம் நாள் சிவப்பும் மஞ்சளும் குழைத்து, நீலத்தைப் பிரஷ் நுனியால் தொட்டு வைத்தபோது, "அம்மை நெறம் வந்துட்டுட்டி" என்றாள். தறியிலிருந்து சாப்பிட வந்த அவளுடைய அப்பா எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு பொட்டு நீலம் வையி மக்கா. உங்கம்மை வெயில்ல அலைஞ்சவல்லா."

வைத்தாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சாப்பிடாமல் தறிக்குத் திரும்பிப் போனார்.

நெற்றியும் ஒரு கன்னமும் தீட்டிவிட்டு அவள் குழாயடிக்குக் குடம் எடுத்துக்கொண்டு போனாள். நான் ஒத்தாசை செய்வதாக நினைத்துக்கொண்டு பிரஷ்ஷையும் தட்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

திரும்பி வந்தவள், "ஏட்டி, அதையா கழுவுன?" என்று மட்டும் கேட்டாள்.

லீவு முடியும்வரை கலக்கினோம். அதே கட்டிகள், அதே தட்டு. அந்த நிறம் மட்டும் வரவே இல்லை. மற்றக் கன்னம் வெறும் காகிதமாகவே நின்றது. அந்த வருஷமே அவர்கள் திருப்பூருக்குக் குடிபோனார்கள்.

போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவளைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். தட்டைக் கழுவியதற்கு இத்தனை வருஷமாகக் கேட்காமலிருந்த மன்னிப்பைக் கேட்டேன்.

"அந்தப் படம் வீடு மாத்துனதுல எங்கயோ போச்சுட்டி. போட்டோவக் கரையான் தின்னுட்டு. இப்ப அம்மை என்ன நெறம்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. கேக்கலாம்னா அப்பாவும் இல்ல" என்றாள்.

பேருந்து வந்தது. அவள் ஏறிப் போனபின், எத்தனையோ தடவை எனக்குச் சோறு போட்ட அவள் அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். அது என்ன நிறம் என்று எனக்கும் தெரியவில்லை.