மூலக்கதைக்கு மாறாமல்

பிறர் எழுதிய கதையின் ஆட்களை எடுத்துக்கொண்டு நாமாக மேலே எழுதிப் பார்ப்பதற்கு இப்போது ஃபேன் ஃபிக்ஷன் என்று பெயர் இருக்கிறது. என் அண்ணனும் நானும் லேக் மார்க்கெட் பக்கத்து ஃபிளாட்டில் அதைத் தொடங்கியபோது எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. வீட்டில் தமிழ் பேசினோம், பெங்காலியில் சண்டை போட்டோம், கதையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதினோம். ஒரு அத்தியாயம் அவன், அடுத்தது நான்.

சட்டம் ஒன்றுதான். மூலப் புத்தகத்தில் இருக்கும் எதையும் மாற்றக் கூடாது. சட்டம் போட்டவன் அண்ணன். துப்பறியும் கதை எழுதிய நாட்களில், துப்பறிபவர் பாலிகஞ்ச் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று தூரத்து வீட்டின் ஜன்னலைக் கவனித்ததாக எழுதிவிட்டேன்.

"தூர்" என்று பெங்காலிக்காரர்கள் மாதிரி சலித்துக்கொண்டான். "அவருக்குத்தான் கிட்டப்பார்வை ஆச்சே. ரெண்டாவது புக்ல இருக்கு" என்று முழு அத்தியாயத்தையும் திருப்பித் தந்தான்.

அப்புறம் ராஜா ராணி உலகத்துக்குப் போனோம். அந்த நாட்டு மந்திரத்தால் இறந்தவர்களை எழுப்ப முடியாது, ஆகவே நானும் எழுப்பக் கூடாது. எரிச்சலாக வரும். இருந்தாலும் அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. மூலத்தை மீறினால் அவர்கள் அந்த ஆட்களே இல்லை, பெயரை மட்டும் திருடிக்கொண்ட வேறு யாரோ.

கடைசியில் நாங்கள் நிலைத்தது ஒரு விண்வெளிச் சரக்குக் கப்பல் தொடரில். பைலட் அவனுடையவன், மெக்கானிக் பெண் என்னுடையவள். நேரில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்கிற பிறவிகள் இல்லை. வங்கித் தேர்வில் நான் தோற்றபோது வீட்டில் ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அண்ணன் தலையைக்கூடத் தூக்கவில்லை. அந்த வாரம் அவன் எழுதிய அத்தியாயத்தில், மெக்கானிக் தூங்கும்போது பைலட் அவள் அறையில் எரியாமல் கிடந்த விளக்கைச் சரிசெய்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறான். படித்துவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுதேன்.

அண்ணன் வேலை கிடைத்து டொரன்டோ போன பிறகும் கப்பல் ஓடியது. அத்தியாயங்கள் ஈமெயிலில் போய்வந்தன. பிறகு அந்தத் தொடரின் கடைசிப் புத்தகம் வெளிவந்தது. அதில் பைலட் செத்துப்போனான்.

"அப்ப முடிஞ்சுது" என்றான் அண்ணன் ஃபோனில்.

"அவன் சாகலைன்னு வச்சுக்கிட்டு எழுதலாமே அண்ணா. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"எழுதட்டும். நாம அப்படி எழுதறதில்லையே."

"அதுக்கு முன்னால நடந்ததா எழுதலாம்."

"முடிவு தெரிஞ்சுபோச்சு. இனிமே எனக்கு வராது."

சொன்னபடியே நிறுத்திவிட்டான். பிடிவாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. நானும் கெஞ்சவில்லை. அதன்பிறகு ஞாயிறுதோறும் ஃபோனில் அம்மாவின் பிரஷர் மாத்திரை, இங்கே பூஜைக் கூட்டம், அங்கே குளிர். அதுவும் தீர்ந்தால், "சரி, வைக்கட்டுமா?" கதையில் ஒருவன் செத்ததால் எனக்கு அண்ணன் இல்லாமல் போய்விட்டான் என்று யாரிடம் சொல்ல முடியும்? சிரிப்பார்கள்.

போன பூஜை விடுமுறையில் சட்டத்தை மீறினேன். பைலட்டை உயிரோடு கொண்டுவந்தேன். அவன் மெக்கானிக்கின் அறைக் கதவைத் தட்டி, உள்ளே வந்து உட்கார்ந்து, நீ எப்படி இருக்கிறாய், இத்தனை நாள் தனியாக என்ன செய்தாய் என்று கேட்கிறான். எழுதி முடித்ததும் அண்ணனுக்கு அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு அவனே பேச்சை எடுத்தான்.

"படிச்சேன். செத்தவன் திரும்பி வந்ததைக்கூட விட்டுடலாம். ஆனா இது அவன் இல்லடி. அவன் வாயைத் திறந்து இப்படியெல்லாம் கேக்கமாட்டான்."

தப்பைச் சரியாகப் பிடித்துவிட்டான். அந்த விஷயத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று இப்போதாவது கேட்பான் என்று காத்திருந்தேன்.

"அம்மா மாத்திரை போட்டாச்சா?" என்றான்.

போட்டாச்சு என்றேன்.