உருகாத திராட்சை

இந்த மலையில் ஐஸ் கட்டி அவசரப்பட்டு உருகுவதில்லை. வந்த புதிதில் ஒரு நாள், சமையலறை மேசையில் ஐஸ் தட்டை மறந்து வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்தபோதும் கட்டிகள் அப்படி அப்படியே உட்கார்ந்திருந்தன. அருப்புக்கோட்டையில் பிறந்தவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மலேசியாவில், இதே கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இதே தோட்டத்தின் தொழிற்சாலையில் எழுத்தராக இருப்பவர் அவர். கிராணி என்றுதான் இன்னமும் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். "ஐஸ்னா அப்படித்தானே இருக்கும்?" என்றுவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அன்று நானும் சிரித்தேன். இப்போது அந்தத் தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

இங்கே கோடை என்று ஒன்று கிடையாது. மழை கூடும், குறையும், அவ்வளவுதான். ஆனாலும் மே மாதம் வந்தால் எனக்குள் ஏதோ வேர்க்கத் தொடங்கிவிடும். ஊரிலிருந்து கத்திரி வெயில் செய்தி வரும். நான் இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பழங்களை ஃபிரீசரில் அடுக்குவேன். ஸ்ட்ராபெரியை வில்லை வில்லையாக நறுக்கித் தட்டில் பரப்பி, மேலே தேன் கலந்த கெட்டித் தயிரை ஊற்றி உறைய வைப்பேன். வாழைப்பழத் துண்டுகளில் குச்சி செருகுவேன். பக்கத்து வீட்டு லெட்சுமி கொழுந்து பறித்துவிட்டு வரும் வழியில் ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள். இந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"என்னாக்கா, இந்தக் குளுர்ல ஐஸா? ஒங்க ஊர் வெயிலு இன்னும் மண்டையவிட்டு எறங்கல லா!"

"பிள்ளைங்க சாப்பிடட்டும்டி."

"சாப்பிடும், சாப்பிடும். அப்புறம் மூக்கு ஒழுகுனா நான் கிராணியத்தான் பிடிப்பேன்."

திராட்சையை மட்டும் நான் நறுக்குவதில்லை. அது ஊரில் இருக்கும் என் அக்காவின் பழக்கம். எங்கள் தெருவில் முதலில் ஃபிரிட்ஜ் வாங்கியது அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடுதான். கோடை விடுமுறையில் பன்னீர் திராட்சையைக் கழுவி, உதிர்த்து, காலையிலேயே ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடுவாள். சாயங்காலம் மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடியதும் கிண்ணத்தோடு ஏறி வருவாள். படி ஏறி முடிப்பதற்குள் பழங்கள் வேர்த்துவிடும். கைக்கு வந்ததும் தோல் சுருங்கும். வாயில் போட்டால் சில்லென்று ஒரு கணம், பிறகு வெறும் சாறு. முழுசாக விழுங்கினாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். அந்த மாடியின் வெயில் எங்களுக்காக ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. கடல் தாண்டி அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்த நான், வெயிலைக் கொண்டுவரவில்லை என்பதை யோசிக்கவே இல்லை.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த மறுநாள், ஈப்போவிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வந்த சொந்தங்கள் கிளம்பும் முன், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துத் திடலில் எல்லாரும் கூடிச் சாப்பிடுவது வழக்கம். வீட்டுக்கு ஒரு பண்டம். இந்த வருடம் நான் உறைந்த பழங்களைக் கொண்டுபோனேன். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் வாங்கிய பெரிய கறுப்புத் திராட்சையும் அதில் இருந்தது. பனி இறங்கத் தொடங்கியிருந்த நேரம். கிண்ணத்தில் பழங்கள் கோலிக்குண்டுகளைப் போலக் கலகலத்தன. பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

என் மகள் நிலாவுக்கு ஆறு வயது. எனக்குத் திருமணமும் தாமதம், அவள் வந்ததும் தாமதம். ஓடி வந்து ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு திரும்ப ஓடியவள், நின்று இருமினாள். ஒருமுறை, இரண்டுமுறை. எங்கள் பக்கத்தில் எந்த அம்மாவும் செய்வதைத்தான் நானும் செய்தேன். உச்சந்தலையில் தட்டினேன்.

"பெரியம்மா நெனைக்கிறாடி உன்னைய," என்றேன்.

"நெனைப்பாங்க லா, ஐஸு போட கத்துக் குடுத்தவங்களாச்சே!" என்றாள் லெட்சுமி. எல்லாரும் சிரித்தார்கள்.

இருமல் நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருத்தி என் பிள்ளையை நினைக்கிறாள் என்ற சந்தோஷத்தில் இன்னும் இரண்டு தட்டுத் தட்டினேன். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். அவள் வாய் திறந்திருந்தது. அதிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. உதட்டின் நிறம் மாறிக்கொண்டிருந்தது. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. தட்டிக்கொண்டே இருந்தேன், இன்னும் வேகமாக.

கியா பார்மில் ஸ்ட்ராபெரிக் கடை வைத்திருக்கும் சீன ஆன்ட்டியும் அன்று வந்திருந்தார். வருடா வருடம் இந்தச் சாப்பாட்டுக்கு வருகிறவர். அவர் மலாய் மொழியில் ஏதோ கத்திக்கொண்டு ஓடி வந்து, என் கையைத் தள்ளிவிட்டு, நிலாவைக் குனிய வைத்து முதுகில் ஓங்கி அறைந்தார். என் பிள்ளையை அடிக்கிறார் என்றே நினைத்தேன். அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். லெட்சுமி பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். ஆன்ட்டி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடியும் அறைந்தார், மறுபடியும். திராட்சை புல்லில் வந்து விழுந்தது. உருண்டையாக, கல்லாக, மேலே வெள்ளைப் பனி பூத்தபடியே.

நிலா அழுதாள். அந்தச் சத்தம் வரும்வரை நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

அன்று இரவு மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். உருண்டையான பழம் எதுவானாலும் நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் சின்னப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்றார் டாக்டர். பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் நான், தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

சில நாள் கழித்து, பட்டுப்புடவை ஒன்றைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு ஆன்ட்டியின் கடைக்குப் போனேன். அவர் நெற்றி ஓரத்தில் நான் பிடுங்கிய இடம் இன்னும் சிவந்திருந்தது. என் அரைகுறை மலாயில் "மாஃப், ஆன்ட்டி" என்று மன்னிப்புக் கேட்டுப் பையை நீட்டினேன். அவர் உள்ளே பார்க்கவில்லை. பழம் கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, கை நிறைய நிறைய ஸ்ட்ராபெரியை அள்ளி அதற்குள்ளேயே போட்டார். காசு வேண்டாம் என்று கையசைத்தார். "பிள்ளை சாப்பிடுகிறதா?" என்று மட்டும் மலாயில் கேட்டார். சாப்பிடுகிறது என்றேன். கொடுக்காத பட்டுப்புடவை பைக்குள் முழுக்கச் சிவப்புக் கறையாகிக் கிடக்க, வீட்டுக்கு வந்தேன். அதை இன்னும் துவைக்கவில்லை.

ஆன்ட்டியிடம் சொன்னது பொய். நிலா சாப்பிடுவதில்லை. கரைத்த சோறும் கஞ்சியும்தான் இறங்குகிறது. எதைக் கொடுத்தாலும் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். விழுங்கலாம் என்று நான் சொல்ல வேண்டும். நானும் சொல்லாமல் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கணவர் மேசையிலிருந்து எழுந்து வெளியே போய்விடுகிறார்.

அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. தினமும் வீடியோவில் வருகிறாள். அங்கே வெயில் சுட்டெரிக்கிறது, ஃபேன் சுற்றுகிறது, அவள் முந்தானையால் விசிறிக்கொள்கிறாள். "இன்னைக்குப் பூரா பாப்பா நெனப்பாவே இருந்துச்சுடி" என்பாள். முன்பெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாள் முழுக்கக் காத்திருப்பேன். இப்போது அவள் அதைச் சொன்னதும், எந்நேரம் நினைத்தாள், அப்போது நிலா வாயில் என்ன இருந்தது என்று மனம் ஓடுகிறது. நான் படித்தவள்தான். நினைப்பதால் யாருக்கும் புரை ஏறுவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அதற்குப் பிறகு நேற்று முதன்முறையாக நிலா திராட்சை கேட்டாள். நான்காக நறுக்கி, அதையும் மறுபடி நறுக்கிக் கொடுத்தேன். ஒரு துணுக்கை வாயில் வைத்தவள் லேசாகச் செருமினாள். என் வலது கை அவள் உச்சந்தலைக்குப் போனது. இடது கை முதுகுக்குப் போனது. இரண்டும் அவளைத் தொடாமல் அந்தரத்திலேயே நின்றன. அவள் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ம்மா, பெரியம்மாகிட்ட சொல்லு லா," என்றாள் மெதுவாக. "நான் சாப்புடும்போது என்னைய நெனைக்க வேணாம்னு."

மேசைமேல் கைபேசி அதிரத் தொடங்கியது. திரையில் அக்காவின் முகம். நிலா மெல்லுவதை நிறுத்திவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டாள்.